இருபத்துமூன்றாம் பக்கம்

வெள்ளவத்தைப் பக்கத்தில் அந்த அக்காவிடம் அகப்பட்டவர்கள் யாரும் கதை கேட்காமல் தப்பியிருக்க முடியாது. மீன் வெட்டக் கொடுத்துவிட்டு நிற்பவரைக் கேட்பார். பல் வைத்தியரின் வரிசையில் கன்னத்தைப் பொத்திக்கொண்டு இருப்பவரைக் கேட்பார். ஒருமுறை கல்யாண வீட்டில், தாலி கட்டும் நேரம் பார்த்து, அறுகரிசியைக் கைக்குள் வைத்துக்கொண்டே பக்கத்தில் நின்ற மாப்பிள்ளையின் பெரியப்பாவிடம் தொடங்கிவிட்டாராம். பெரியப்பா தாலி கட்டியதைப் பார்க்கவேயில்லை என்று கேள்வி.

"நீங்கள் சின்ன வயசில கதைப் புத்தகம் வாசிச்சனீங்களோ?"

ஓம் என்றால் மாட்டிக்கொண்டோம். இல்லை என்றாலும் விடமாட்டார். "அப்ப உங்கட வீட்டில ஆர் வாசிக்கிறவை?" என்று அடுத்த கேள்வி வரும். அதன்பிறகு அந்தக் கதை வரும். நான் அதை எத்தனை தரம் கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அவர் இறந்து இரண்டு வருடமாகிறது. இன்றைக்கும் அவருடைய குரலிலேயே அதைச் சொல்லிக் காட்டுவேன்.

"ஒரு விஞ்ஞானக் கதை. பூமியில இருந்து கனதூரத்தில ஒரு கிரகம். அங்க ஒரு தபால் கந்தோர். ஒரேயொரு ஆள்தான் வேலை. பூமியில போட்ட கடிதம் அங்க வந்து சேர நாப்பது வருசம் செல்லும். வந்து சேரேக்க எழுதினவனும் இல்லை, வாங்கவேண்டியவனும் இல்லை. இவன் ஒவ்வொண்டா அடுக்கி வைப்பான். உடைக்கக் கூடாது எண்டது சட்டம். ஒருநாள் இவன்ர பேருக்கே ஒரு கடிதம் வருது. உறையை உடைக்கிறான். உள்ளே ஒரு பிடி வெள்ளை விதைகள் இருந்தன. ஒரு விதையை நாக்கில வச்சா, அவன் வாழ்ந்த நாள் ஒண்டு அப்பிடியே திரும்பி வரும். காலமை தொடங்கி இரவு மட்டும். ஒவ்வொண்டாத் திண்டுகொண்டு வாறான். கடைசி விதையை மட்டும் தின்னேல்லை. கைக்குள்ள பொத்திக்கொண்டு படுக்கிறான்."

எழுதியவர் யார், எந்தப் புத்தகம், என்ன தலைப்பு, ஒன்றும் தெரியாது. சின்ன வயதில் யாழ்ப்பாணத்தில் வாசித்தது. அந்த வீடும் புத்தகங்களும் சண்டையில் போய்விட்டன. நாங்கள் ஒவ்வொருவரும் எங்களுக்குத் தெரிந்த கதையை எடுத்துவிடுவோம். அவர் பொறுமையாகக் கடைசிவரை கேட்பார். பிறகு கைப்பையிலிருந்து தடித்த மட்டைக் கொப்பி ஒன்றை எடுப்பார். சொன்னவர் யார், சொன்ன கதை என்ன என்று இரண்டு வரி எழுதி, கடைசியில் 'அது இல்லை' என்று முடிப்பார். முச்சக்கரவண்டிக்காரர் ஒருவர் பம்பலப்பிட்டி வரைக்கும் சிங்களத்தில் ஒரு பேய்க்கதை சொல்லியிருக்கிறார். அதுவும் கொப்பியில் இருந்தது. 'பேய். தபால் இல்லை. அது இல்லை.'

காப்புறுதிக் கந்தோர் ஒன்றின் கோப்பறையில் முப்பத்தைந்து வருடம் வேலை செய்தவர். கல்யாணம் செய்யவில்லை. தங்கையின் வீட்டில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில் இருந்தார். யாராவது எதையாவது அடித்துச் சொன்னால், "தாள் இருக்கோ?" என்று கேட்பார். இருந்தால் நம்புவார். இல்லாவிட்டால் உதட்டைப் பிதுக்குவார். அந்தக் கதைக்கு மட்டும் அவரிடம் தாள் இல்லை. அதுதான் அவரைத் தின்றது.

நான் அவரிடம் அகப்பட்டது என் வேலையால். கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய வீட்டின் மேல்மாடியில் இருந்து, பழைய தமிழ்ச் சஞ்சிகைகளைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் பண்ணுவது என் வேலை. ஆட்கள் வீடு விற்கும்போதும் வெளிநாடு போகும்போதும் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து கொட்டுவார்கள். கறையான் தின்றது, மட்டை இல்லாதது, நடுப்பக்கம் போனது எல்லாம் வரும். ஒரு செவ்வாய்க்கிழமை, சுவரைப் பிடித்துப் பிடித்துப் படியேறி வந்து, மூச்சு வாங்கக்கூட நிற்காமல் கேட்டார்.

"இஞ்சதானே பழைய புத்தகங்களைப் படம் பிடிக்கிறது?"

"ஓம் அக்கா. இருங்கோ."

"தம்பி, நீர் கதைப் புத்தகம் வாசிக்கிறனீரோ?"

அன்றிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் வந்தார். இரண்டு பஸ் மாறி வரவேண்டும். வந்தால் என் மேசைக்கு எதிரே இருந்து, அன்றைக்கு எந்தப் பெட்டி திறந்தேனோ அந்தப் பெட்டியைத் தானும் பார்ப்பார். கந்தோரில் பழகிய கை. தாளுக்கு நோகாமல் புரட்டுவார். முதலில் எனக்கு எரிச்சல்தான். பிறகு பழகிவிட்டது. அவர் வராத நாளில் தேநீரைத் தனியாகக் குடிப்பது ஒரு மாதிரியாக இருந்தது.

ஒன்றைக் கவனித்தேன். எத்தனை தரம் சொன்னாலும் கதையில் ஒரு சொல் மாறாது. வாய்ப்பேச்சாக வந்துகொண்டே இருக்கும். 'உள்ளே ஒரு பிடி வெள்ளை விதைகள் இருந்தன' என்ற இடத்தில் மட்டும் புத்தகத் தமிழாகிவிடும். ஒருநாள் சும்மா சீண்டிப் பார்த்தேன்.

"அக்கா, போனமுறை கறுப்பு விதை எண்டல்லோ சொன்னீங்கள்?"

சிரிப்பார் என்று நினைத்தேன். முகம் வெளுத்துவிட்டது. கொப்பியை எடுத்து முதல் பக்கத்தில் எழுதியிருந்த கதையைத் தேடினார். பக்கம் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. நான் பகிடி, பகிடி என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன், அவருக்குக் கேட்கவில்லை. 'வெள்ளை' என்ற சொல்லைக் கண்ட பிறகுதான் மூச்சு விட்டார்.

"இனி இப்பிடிச் செய்யாதையும், தம்பி."

அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் சொன்னார்.

அவருடைய அம்மாவுக்குக் கடைசிக் காலத்தில் மறதி வந்தது. பேர் மறந்தார், வீடு மறந்தார். அதைத் தாங்கிக்கொள்ளலாம் என்றார். ஆனால் அம்மா பிறகு இல்லாததைச் சொல்லத் தொடங்கினாராம். பதுளையில் தனக்கு ஒரு மூத்த மகன் இருக்கிறான், ஸ்டேஷன் மாஸ்டர், லீவில் வருகிறான் என்று. அப்படி ஒருவன் பிறக்கவேயில்லை. மத்தியானம் அவனுக்கும் ஒரு சாப்பாட்டுக் கோப்பை வைத்துச் சோறு போடச் சொல்லுவார். போடாவிட்டால் அழுவார். நான்கு வருடம் இந்த அக்காதான் அந்தக் கோப்பையைப் போட்டு, பிறகு எடுத்துக் கழுவி வைத்திருக்கிறார்.

"மறக்கிறது வேற தம்பி. இல்லாததைக் கூட்டுறது வேற. மறந்தால் ஆரும் எடுத்துச் சொல்லலாம். கூட்டினால் ஆர் என்ன சொல்லியும் விளங்காது. இப்ப தங்கச்சி என்ன சொல்லுறாள் தெரியுமோ? அம்மாவுக்கு ஒரு ஸ்டேஷன் மாஸ்டர், அக்காவுக்கு ஒரு தபால்காரன் எண்டு."

அவருக்கும் மறதி தொடங்கியிருந்தது. அதை அவர் மறைக்கவில்லை. ஒருநாள் காஸ் அடுப்பை நிறுத்தாமல் கோயிலுக்குப் போயிருக்கிறார். இன்னொரு நாள் வெள்ளவத்தையில் இறங்காமல் கல்கிசை வரைக்கும் போய், ஏன் வந்தேன் என்று தெரியாமல் நின்றிருக்கிறார். வைத்தியர் மணிக்கூட்டின் படம் கீறச் சொல்லிப் பார்த்தார். பத்துச் சொல் சொல்லித் திருப்பிக் கேட்டார். அக்கா ஆறு சொன்னார். இது இனிக் கூடும், தனியே விடவேண்டாம் என்றிருக்கிறார் வைத்தியர்.

தங்கைக்கோ கனடாவிலிருந்து மகன் கூப்பிட்டுவிட்டான். வீட்டை விற்றுவிட்டுப் போகவேண்டும். அக்காவுக்கு விசா கிடைக்காது. நுகேகொடையில் வயது போனவர்களுக்கான ஒரு விடுதியில் இடம் பார்த்தாயிற்று. அக்கா மறுத்தார். வெள்ளவத்தையிலேயே ஒரு அறை எடுத்து, உதவிக்கு ஒரு பெண்ணை வைத்துக்கொண்டு இருக்கிறேன், எனக்குப் பென்ஷன் இருக்கிறது, என் புத்தி சரியாகத்தான் இருக்கிறது என்றார். இரண்டு பேரும் ஒரு கிழமை, ஏழு நாளும் சண்டை. கடைசியில் தங்கை களைத்துப்போய்ச் சொன்னாராம்: "சரியக்கா. அந்தக் கதையைக் கொண்டு வாங்கோ. கதை நீங்கள் சொல்லுற மாதிரியே இருக்கட்டும். நான் பிறகு வாய் திறக்கமாட்டன்."

தங்கை அதை ஒரு பேச்சுக்குச் சொல்லியிருப்பார். அக்கா பிடித்துக்கொண்டுவிட்டார். விமானத்துக்கு நான்கு மாதம் இருந்தது.

அந்த நான்கு மாதத்தில் அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. தங்கையின் மகன் கனடாவிலிருந்து, வாசகர்கள் சேர்ந்து கதை கண்டுபிடித்துக் கொடுக்கும் இணையப் பக்கம் ஒன்றில் எழுதிப் போட்டான். உலகம் முழுவதிலுமிருந்து பதில் வந்தது. விதை வந்த கதைகள், தபால் வந்த கதைகள், கிரகம் வந்த கதைகள். ஒவ்வொன்றையும் நான் தமிழில் சொல்ல, அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டு, 'அது இல்லை' என்று எழுதுவார். காய்ச்சலோடு படியேறி வந்தார். வெள்ளம் நின்ற நாளில் சேலையை முழங்கால்வரை தூக்கிக்கொண்டு வந்தார். ஒரு வெள்ளிக்கிழமை, கீழே அவருடைய செருப்புச் சத்தம் கேட்டதும் நான் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்துவிட்டேன். அன்றைக்கு அவரைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அரைமணி நேரம் வாசற்படியில் இருந்துவிட்டு இறங்கிப் போனார். செய்த பாவங்களில் இதுவும் ஒன்று.

வெள்ளவத்தையில் கடுதாசிச் சாமான் கடை வைத்திருந்த ஹாஜியார் ஒருவர், இவருடைய தவிப்பைக் காணப் பொறுக்காமல், "ஓம் தங்கச்சி, அந்தக் கதை எனக்கு ஞாபகம் ஈக்கி. எழுதினவர் இன்னார்" என்று ஒரு பேரைச் சொல்லிவிட்டார். அக்கா அந்தப் பேரைப் பிடித்துக்கொண்டு ஆறு கிழமை அலைந்தார். நூலகம் நூலகமாகப் போனார். அப்படி ஒரு எழுத்தாளரே இல்லை. திரும்பிப் போய்க் கேட்டபோது ஹாஜியார் தலையைக் குனிந்துகொண்டு, "உங்கட மனசு ஆறட்டுமே எண்டுதான் சொன்னேன்" என்றாராம். கடை வாசலில் வைத்தே அழுதிருக்கிறார் அக்கா. ஆறு கிழமை போனதற்கு அழவில்லை. தன் மனதை ஆற்றவேண்டும் என்று ஒருவர் நினைக்கும் நிலைக்கு வந்துவிட்டேனே என்று அழுதிருக்கிறார்.

விமானத்துக்கு இருபத்தைந்து நாள் இருக்கும்போது அது கிடைத்தது.

கிருலப்பனையில் யாரோ வீடு ஒதுக்கி அனுப்பிய பெட்டி. அதற்குள், ஒன்றரை வருடம் மட்டும் வந்து நின்றுபோன ஒரு மாதச் சஞ்சிகையின் நாலைந்து இதழ்கள். ஒன்றை விரித்துக் கண்ணாடியில் வைத்தேன். இருபத்தோராம் பக்கம். 'பூமியில் போடப்பட்ட கடிதம் அந்தக் கிரகத்தை அடைய நாற்பது ஆண்டுகள் ஆகும்' என்று தொடங்கியது. அந்தப் பக்கத்தை மட்டும் வாசித்தேன். தபால் கந்தோர் இருந்தது, ஒரேயொரு ஆள் இருந்தான், உடைக்கக் கூடாது என்ற சட்டமும் இருந்தது. உடனே போன் எடுத்து, "அக்கா, கதை கிடைச்சிட்டுது" என்று சொல்லிவிட்டு, இதழையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். மிச்ச மூன்று பக்கத்தையும் பஸ்ஸில் வாசித்திருக்கலாம். வாசிக்கவில்லை. அவர்தான் முதலில் வாசிக்கவேண்டும் என்று பெரிய மனது பண்ணினேன்.

தங்கை தேநீர் போட்டு வைத்திருந்தார். அக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார். முதல் பக்கத்தில் சிரித்தார். இரண்டாம் பக்கத்தில், "பாத்தியோடி?" என்று தங்கையின் கையைப் பிடித்தார். மூன்றாம் பக்கத்துக்குப் போனார். அதன்பிறகு முகத்தில் ஒன்றும் அசையவில்லை. திரும்ப முந்திய பக்கத்துக்கு வந்தார். திரும்பப் போனார்.

"தம்பி, விதை எங்க?"

வாங்கிப் பார்த்தேன். தபால்காரன் உறையை உடைக்கிறான். உள்ளே ஒரு வெறும் தாள். எழுதியவர் எழுத மறந்துவிட்டாரா, நாற்பது வருடத்தில் மை மங்கிவிட்டதா என்று யோசிக்கிறான். தாளைத் திரும்ப உறைக்குள் போட்டு, மற்றக் கடிதங்களோடு அடுக்கி வைக்கிறான். கதை முடிந்தது.

"அடுத்த பக்கத்தில இருக்கும் அக்கா."

"அடுத்த பக்கம் சமையல் குறிப்பு."

தங்கை எட்டிப் பார்த்தார். குத்திக்காட்டவில்லை. "அக்கா, விதையொண்டும் இல்லையே" என்று மிக மெதுவாகச் சொன்னார். கத்தியிருந்தால் அக்காவும் கத்தியிருப்பார்.

"அப்ப நான்தான் போட்டனான், என்ன?" என்று கேட்டார் அக்கா.

நான் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கலாம். "எத்தினை வருசம் அக்கா. ஆருக்கும் கொஞ்சம் மாறும்தானே" என்று ஆறுதல் சொன்னேன். அவர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். கோப்பையில் தேநீர் ஆறிப் போய், ஆடை படர்ந்திருந்தது. அடுத்த கிழமை விடுதித் தாள்களில் தானே கையெழுத்துப் போட்டார் என்று தங்கை போனில் சொன்னார்.

நுகேகொடையில் முதல்தரம் போய்ப் பார்த்தபோது நான் பயந்துபோனேன். மெலிந்திருந்தார், அது பெரிய விஷயமில்லை. ஒரு வசனம் சொல்லுவார், சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். "நேற்று மழை... பெய்ததுதானே?" "நான் தேத்தண்ணிக்குச் சீனி போடுறேல்லை... இல்லைத்தானே?" "நீர் கொட்டாஞ்சேனையில இருந்துதானே வாறனீர்?" நான் ஓம் என்றால்தான் அது நடந்ததாக ஆகும். இப்படி எல்லாவற்றையும் கொண்டுவந்து என் கையில் கொடுத்தால் நான் என்ன செய்வேன்? கொப்பியைக் கேட்டேன். எறிந்துவிட்டதாகச் சொன்னார். அதன்பிறகு ஒன்றரை மாதம் நான் அந்தப் பக்கமே போகவில்லை. வேலை அதிகம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கிருலப்பனை வீட்டுக்காரர் இரண்டாம் பெட்டியையும் அனுப்பினார். நான் ஒன்றையும் தேடவில்லை. அதே சஞ்சிகையின் வேறொரு மாத இதழ். ஒவ்வொரு தாளாகக் கண்ணாடியில் வைத்துக்கொண்டு போகிறேன். இருபத்துமூன்றாம் பக்கத்தின் முதல் வரி: 'ஒரு பிடி வெள்ளை விதைகள் இருந்தன.'

கதிரையிலிருந்து எழும்பிவிட்டேன். இது வேறு கதை. செத்துப்போன தகப்பனின் பெட்டியை ஒருவன் திறக்கிறான், விதை, நாக்கில் வைத்தால் ஒரு நாள், கடைசி விதையைக் கைக்குள் பொத்திக்கொண்டு படுக்கிறான். எல்லாம் இருந்தது. பழைய ஸ்கேனைத் திறந்து தபால் கதையின் இருபத்திரண்டாம் பக்கத்தைப் பார்த்தேன். கடைசி வரி, 'அவன் உறையை உடைத்தான். உள்ளே' என்று நின்றது. அந்தச் சஞ்சிகைக்காரர் விஞ்ஞானக் கதையை மாதாமாதம் ஒரே இடத்தில்தான் போட்டிருக்கிறார், இருபத்தொன்று முதல் இருபத்துநான்கு வரை. இந்த இருபத்திரண்டோடு அந்த இருபத்துமூன்றைச் சேர்த்தால், அக்கா சொன்ன கதை ஒரு சொல் பிசகாமல் வந்தது.

அச்செடுத்துக்கொண்டு ஓடினேன். அக்கா ஒவ்வொரு தாளாக வாசித்தார். வாசித்து முடித்து, அடுக்கி, என் கையில் திருப்பித் தந்தார்.

"நல்ல பிள்ளை நீர்" என்றார். "இதெல்லாம் கொம்பியூட்டரில அடிக்கேலும்தானே, தம்பி?"

நான் சத்தியம் பண்ணினேன். என் பிள்ளையின் மேல் சத்தியம் பண்ணினேன். அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார். "ஹாஜியாரும் பாவம் பாத்துத்தான் சொன்னவர். நான் கோவிக்கேல்லை." எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. அவரை இப்படி ஆக்கியதில் எனக்கும் பங்கு இருந்தது.

சஞ்சிகைகளை அறையைவிட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது எங்கள் ஒழுங்கு; ஏற்கெனவே ஒருதரம் மீறியிருந்தேன். அடுத்த நாள் இரண்டு இதழையும் துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். பின்னேரம் மூன்று மணியாகவில்லை. விறாந்தையில் வெயில் விழுந்த பக்கத்துக் கதிரையில் இருந்தார். அவர் உடனே வாசிக்கவில்லை. நடுவில் கம்பி துருப்பிடித்த இடத்தைத் தடவினார். தாளை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்து பார்த்தார். பிறகு ஒரு இதழில் இருபத்திரண்டாம் பக்கத்தையும் மற்றதில் இருபத்துமூன்றாம் பக்கத்தையும் விரித்து, மடியில் அருகருகே வைத்தார்.

"நான்தான் கட்டினனான்" என்றார்.

"என்னத்தை அக்கா?"

"புத்தகத்தை. விஞ்ஞானக் கதையை மட்டும் கழட்டிச் சேர்த்து வைப்பன். வருசம் முடிய, கோணி ஊசியும் சணல் நூலும் எடுத்துக் கட்டி, மாப்பசை போட்டு மட்டை ஒட்டுறது. ஒருநாள் கட்ட எடுத்து வச்ச தாளெல்லாம் காத்துக்குப் பறந்து கலைஞ்சுபோச்சு. பக்கத்தைப் பாத்துப் பாத்து அடுக்கினனான். எனக்குப் பன்ரண்டு வயசு. இருபத்தொண்டு, இருபத்திரண்டு, இருபத்திமூண்டு, இருபத்திநாலு. இலக்கம் சரியெண்டால் கதையும் சரியெண்டு நினைச்சன்."

பிறகு, "அந்தப் புத்தகத்தில இதுக்குப் பக்கத்தில வேறொரு கதை இருந்தது. பெட்டியைத் திறப்பான், வெறும் தாள் இருக்கும். ஒண்டும் விளங்கேல்லை எண்டு நான் திருப்பி வாசிக்கிறேல்லை" என்றார்.

"நீங்கள் ஒரு சொல்லும் கூட்டேல்லை, அக்கா."

"ஒரு சொல்லும் கூட்டேல்லை" என்று அவரும் சொன்னார். பிறகு இரண்டு பேரும் சிரித்தோம். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தோம். கனடாவிலிருக்கும் தங்கைக்கு இப்போதே போன் எடுப்போமா என்று கேட்டேன். "அங்க விடிஞ்சிருக்காது. அவள் படுக்கட்டும். வீடும் வித்தாச்சு, நானும் ஒப்பம் வச்சாச்சு. இனி என்ன அவசரம்?" என்றார். அதைச் சொல்லும்போது சிரிப்பு போய்விட்டது. அந்த நாலு மாதமும் அவர் கேட்டது வெள்ளவத்தையில் ஒரு அறை. அது இனி இல்லை.

அப்போது விடுதியில் வேலை செய்யும் பெண் தேநீர்த் தட்டோடு வந்தாள். மலையகத்துப் பிள்ளை, நல்ல முகம். அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பிள்ளை, நேற்று இரவு எனக்கு மருந்து தரேல்லை."

"குடுத்தாச்சும்மா. நீங்க மறந்துட்டீங்க."

"இல்லை. தரேல்லை."

அவள் கோபப்படவில்லை. உள்ளே போய், மருந்துத் தாள் கொளுவிய மட்டையை எடுத்துவந்து காட்டினாள். நேற்றைய இரவுக்கு நேரே, கொடுத்ததாகச் சரி போட்டிருந்தது. அக்கா அதைப் பார்த்தார். தோள் இரண்டும் இறங்கிவிட்டன. என் முகத்தைப் பார்த்தார். நேற்று இரவு நான் அங்கே இல்லை. எனக்கு என்ன தெரியும்?

"தாளில இருக்குது" என்று மெல்லச் சொன்னார். "அப்ப தந்திருப்பினம்."

நானும் அந்தத் தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நேற்றைய கட்டத்துக்குப் பக்கத்துக் கட்டம், இன்றைய இரவு. அதிலும் சரி போட்டிருந்தது.

"அக்கா, இண்டைக்கு இரவுக்கும் போட்டிருக்கு" என்றேன். "இன்னும் மூண்டு மணிகூட ஆகேல்லை."

அந்தப் பெண்ணுக்கு முகம் சிவந்துவிட்டது. "அவசரத்துல சேர்த்துப் போட்டுட்டேன் சார். ஆனா நேத்து குடுத்தாச்சு" என்றாள்.

அக்கா இரண்டு சஞ்சிகைகளையும் மூடி, ஒன்றன்மேல் ஒன்றாக மடியில் வைத்தார்.

"நேற்று இரவு தரேல்லை, பிள்ளை" என்றார். "அதுக்கு முதல் நாளும் தரேல்லை. செவ்வாய்க்கிழமை தந்தனீர்."

குரலை உயர்த்தவில்லை. இந்த முறை என் முகத்தைப் பார்க்கவுமில்லை.